திரியா, ஒட்டா, ரியூப்பா: வன்னி வெயிலில் காத்துப்போன ரயருக்கு எது சரி?

சித்திரை மாதத்துப் பகல் ஒன்றரை மணி. மாங்குளம் சந்தியில் திரும்பி முல்லைத்தீவுக்குப் போகும் ஏ34 வீதியில், ஒட்டுசுட்டானுக்கு இரண்டு கட்டை, அதாவது இரண்டு மைல், இருக்கும்போது ஸ்ரேறிங் இடப்பக்கமாக இழுக்கத் தொடங்கியது. இறங்கிப் பார்த்தால் முன் இடச் சில்லு பாதி சப்பளிந்து நின்றது. ரயரின் நடுவில் கூரைத் தகரத்துக்கு அடிக்கிற ஆணி, வொஷரும் சேர்ந்து, பொட்டு வைத்த மாதிரி. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வன்னியில் வீடு கட்டாத ஒழுங்கை இல்லை. ஆணி சிந்தாத ஒழுங்கையும் இல்லை.

என் காரில் மேலதிகச் சில்லு கிடையாது. யப்பானில் இருந்து வந்த சின்னக் கார்கள் பலவற்றைப் போல, சில்லு இருக்கவேண்டிய குழியில் ஓட்டை அடைக்கிற பால் ஒரு போத்தலும் கைக்கடக்கமான கொம்பிறசர் ஒன்றும்தான். போத்தலில் அடித்திருந்த திகதி எப்போதோ முடிந்துவிட்டது. நிழலும் இல்லை. இரண்டு கட்டைதானே என்று மெல்ல உருட்டிக்கொண்டு சந்தியடிக் கடை வரைக்கும் போனேன்.

கடைத் தம்பி ஆணியைப் பார்த்ததும் ஒரே மூச்சில் கேட்டான்: "அண்ணை, திரி போட்டு விடட்டோ, கழட்டி உள்ளுக்கை ஒட்டட்டோ, இல்லாட்டி ரியூப் ஒண்டு போட்டு விடட்டோ?"

"எது கெதியா முடியுமோ அதைச் செய்யும்" என்றேன்.

திரி போட்டான், அதாவது பிசின் தோய்ந்த திரியொன்றை வெளியிலிருந்தே ஓட்டைக்குள் குத்தி அடைத்தான். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. காற்றும் இறங்கவில்லை. மூன்று கிழமை கழித்து அதே ரயரின் பக்கச்சுவரில் நெல்லிக்காய் அளவில் ஒரு புடைப்பு. கிளிநொச்சியில் வேறொரு கடையில் கழற்றி, ரயரைக் கவிழ்த்துத் தட்டியபோது உள்ளேயிருந்து தேயிலைத்தூள் மாதிரிக் கறுப்புத் தூள் கொட்டியது. அது வேறொன்றுமில்லை, ரயரின் உள்சுவரே. காற்றில்லாமல் உருட்டிய அந்த இரண்டு கட்டைத் தூரத்தில் பக்கச்சுவர் மடிந்து தன்னைத்தானே அரைத்திருக்கிறது. திரியில் பிழை இல்லை, போட்டவனிலும் பிழை இல்லை. கழற்றி உள்ளே பார்க்காமல் எதையாவது போடச் சொன்ன என்னில்தான் பிழை. புது ரயர் வாங்கினேன்.

அதற்குப் பிறகு அந்தத் தம்பியின் கேள்விக்கு ஒழுங்கான மறுமொழி தேடத் தொடங்கினேன். தேடியதில் தெரிந்ததும் நானாகப் பட்டதுமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

வெயில் ஓட்டை போடாது

முதலில் வெயிலின் பங்கைச் சொல்லவேண்டும். ஏனென்றால் எங்கள் பக்கத்தில் அதைப் பற்றி ஊரெல்லாம் ஒரே நம்பிக்கை: "வெயிலுக்கு ரயர் வெடிக்கும், காத்தைக் கொஞ்சம் குறைச்சு விடு." இதைவிட மோசமான புத்திமதியை ஒரு ரயருக்குச் சொல்லமுடியாது.

கணக்கு இதுதான். காலையில் 27 பாகையில் 33 பிஎஸ்ஐ காற்று அடித்த ரயர், மத்தியானம் தார் வீதியில் ஓடி 60 பாகைக்குச் சூடேறினால் 38 பிஎஸ்ஐ காட்டும். பத்துப் பாகைக்கு ஒன்றரைக்குக் கொஞ்சம் மேல் ஏறும். ரயர் செய்கிறவர்கள் இந்த ஏற்றத்தையும் கணக்கில் எடுத்துத்தான் செய்கிறார்கள், 38 என்பது அதற்கு ஒரு பாரமே இல்லை. ஆனால் அந்தச் சூட்டில் "கூடிப்போச்சு" என்று 33க்கு இறக்கிவிட்டால், அடுத்தநாள் காலையில் அதே ரயரில் 28தான் நிற்கும். 28இல் ஓடும் ரயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் கூடுதலாக வளையும். கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து முறிக்கும்போது முறிகிற இடம் கையைச் சுடுமே, அதே கதை. வளைவு சூட்டைத் தரும், சூடு ரப்பரை இளக்கும், இளகினது இன்னும் வளையும். வெடிக்கிற ரயர் அனேகமாகக் காற்றுக் கூடி வெடிப்பதில்லை, காற்றுக் குறைந்து வெந்துதான் வெடிக்கிறது.

ஓட்டைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்றால், ஒரு சின்ன ஆணி குளிர்தேசத்தில் செய்யும் கெடுதலைவிட இங்கே செய்யும் கெடுதல் பெரிது. மெல்லக் கசிகிற ரயரோடு அங்கே ஐம்பது கிலோமீற்றர் தப்பலாம். இங்கே வைகாசி, ஆனியில் தாரே கொதித்துக்கொண்டிருக்கும்போது அந்தத் தவணை கிடைக்காது. யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி மழமழப்பான காபற் வீதியாகிய பிறகு இன்னும் மோசம். முந்தி குழிக்குப் பயந்து நாற்பதில் போன வாகனமெல்லாம் இப்போது சட்டத்தில் 70 என்று இருக்க 100இல் பறக்கிறது. வேகம் கூடினால் சுற்றும் கூடும், வளைவும் கூடும்.

காற்று பார்ப்பது காலையில், ஓடத் தொடங்க முதல். எவ்வளவு என்பது சாரதிப்பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும். யப்பான் வாகனங்களில் அது கிலோபஸ்கலில் இருக்கும்; 230 என்று போட்டிருந்தால் எங்கள் பம்மில் 33. ரயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் காற்றழுத்த எண் அது தாங்கும் உச்சம், அடிக்கவேண்டிய அளவு அன்று. இதை மாற்றி விளங்கிக்கொண்டு 44 அடித்து ஓடுகிறவர்களையும் கண்டிருக்கிறேன்.

இன்னொரு பழக்கம் சொல்கிறேன். ஏ9இல் போகிற எவரும் முறிகண்டிப் பிள்ளையாரைத் தாண்டி நிற்காமல் போவதில்லை. தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்குகிற அந்த இடைவெளியில் நாலு ரயரையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெயில் படுகிற பக்கம் கொஞ்சம் கூடத்தான் சுடும், அதனால் ஒரே பக்கத்து முன்னையும் பின்னையும் ஒப்பிடவேண்டும். ஒன்று மற்றதைவிடத் தெளிவாகக் கூடச் சுட்டால் அதில் காற்றுக் குறைகிறது என்று எடுத்துக்கொண்டு அளந்து பார்க்கலாம். நைதரசன் அடித்தால் இந்தத் தொல்லை இல்லை என்று வவுனியாவில் ஒருவர் சொன்னார். சாதாரணக் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைதரசன்தான். சூட்டுக்கு அதுவும் இதுவும் ஒரேமாதிரித்தான் விரியும். காசு மிச்சம் இருந்தால் கச்சான் வாங்கலாம்.

வீதியோரத்தில்: சில்லு, போத்தல், திரி

காற்று போன இடத்திலேயே செய்யக்கூடியது மூன்று. மேலதிகச் சில்லு இருந்தால் அதுதான் முதல். வேறு யோசனை வேண்டாம். மாற்றிவிட்டால் அடிபட்ட ரயர் அதற்குமேல் ஒரு அடிகூட உருளாது, அதுவே பெரிய இலாபம். ஆனால் மேலதிகச் சில்லில் காற்று இருக்கிறதா என்று வருடத்துக்கு ஒருமுறைகூடப் பார்க்காதவர்கள்தான் நாங்கள். சில கார்களில் வருகிற ஒடுங்கின சில்லுக்கு 60 பிஎஸ்ஐ வேண்டும், அதில் 80க்கு மேல் ஓடக்கூடாது. சாதாரண ரயர் மாதிரி 33 அடித்து வைத்தால் அது உதவிக்கு வராது. ஜக் வைக்க ஒரு சதுரப் பலகை வைத்திருங்கள். மாரியில் கிரவல் ஓரத்தில் ஜக் காரைத் தூக்காது, தான்தான் மண்ணுக்குள் இறங்கும். நான் வைத்திருப்பது பழைய கதவு நிலையில் அறுத்த பாலைத் துண்டு.

வன்னிக்கென்று இரண்டு எச்சரிக்கை உண்டு. ஒன்று, வண்டியை ஓரங்கட்டுகிறோம் என்று வீதியை விட்டு உள்ளே இறங்குவது. போர் 2009இல் முடிந்தாலும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களில் மிதிவெடி அகற்றும் வேலை அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்காக நீண்டது. சிவப்பு மண்டையோட்டுப் பலகை கண்ட இடத்தில் நிழலுக்காகவோ கல் எடுக்கவோ பற்றைக்குள் காலடி வைக்காதீர்கள். தாரிலேயே நின்று, எச்சரிக்கை விளக்கைப் போட்டு, தேவையென்றால் வெட்டவெளி வரும்வரை ஊர்ந்து போங்கள். ரயர் போனால் போகட்டும். இரண்டாவது, பொழுதுபட்ட பிறகு நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கத்துக் காட்டு வீதிகள். அங்கே சில்லுக்கு முன்னால் குந்தியிருக்கிற ஆளுக்கு யானை வருவது தெரியாது. அந்த நேரத்தில் இருபது நிமிட வேலையைவிட ஐந்து நிமிட வேலை மேல். போத்தலும் திரியும் அங்கேதான் வெல்லும்.

போத்தல் என்கிற சீலன்ற் நல்ல பொருள்தான், வைத்திருக்கவேண்டிய மாதிரி வைத்திருந்தால். வால்வு வழியாகப் பாலை ஏற்றி, காற்றடித்து, உடனே சில கிலோமீற்றர் ஓடினால் பால் உள்ளே சுழன்று ஓட்டையில் அடையும். 4 மில்லிமீற்றருக்கு உட்பட்ட, ரயர் நிலத்தில் படுகிற பகுதி ஓட்டைக்கு மட்டும் சரி. பக்கச்சுவர் கீறலுக்கு ஒரு பயனும் இல்லை. போத்தலுக்கு ஆயுள் பொதுவாக நாலைந்து வருடம். யப்பானில் பாவித்து முடித்து இங்கே வந்திறங்கும் காரில் அந்த ஆயுள் எத்தனையில் நிற்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். மூடிய டிக்கிக்குள் எங்கள் வெயிலில் அது மேலும் கெடும். இன்னொன்று, சீலன்ற் ஊற்றிய ரயரைக் கடைக்காரர் கழற்றும்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டும். பாலெல்லாம் கழுவித் துடைத்துக் காயவைக்காமல் ஒட்டு பிடிக்காது. ஊற்றியிருந்தால் கழற்ற முதல் சொல்லிவிடுங்கள், அது மரியாதை.

திரிப் பெட்டியை நீங்களே வாங்கி வைத்திருக்கலாம்: இரண்டு கைப்பிடி ஆயுதம், பிசின் தோய்ந்த திரி ஐந்தாறு. சில்லைக் கழற்றாமலே போடலாம். ஆனால் ஆணியைப் பிடுங்க அவசரப்படாதீர்கள். மெல்லக் கசிகிற ரயரில் அடைப்பானாக நிற்பதே அந்த ஆணிதான். குறடால் இழுத்த அந்தக் கணமே "உஸ்" என்று எல்லாம் போய்விடும். திரியும் பம்மும் கைக்கு எட்டின பிறகுதான் ஆணிக்குக் கை போகவேண்டும்.

கடையில்: அந்தத் தம்பி கேட்ட கேள்வி

எதைப் போடுவது என்று பேச முதல், எதைப் போடவே கூடாது என்பதைப் பார்க்கவேண்டும். ஓட்டை ரயரின் நடுப்பட்டையில் இருக்கவேண்டும். பிரித்தானியத் தர விதி ஓடுபரப்பின் நடு முக்கால் பங்கை மட்டும்தான் சாதாரண ஒட்டுக்கு அனுமதிக்கிறது. தோள்பட்டையும் பக்கச்சுவரும் ஓயாமல் வளைகிற இடங்கள். அங்கே போடுகிற எதுவும் நிற்காது, நின்றாலும் நம்பக்கூடாது. ஓட்டை 6 மில்லிமீற்றருக்கு மேல் என்றாலும் ரயருக்கு விடைகொடுக்கவேண்டியதுதான். ரயரின் மேல்வெட்டாகிய பூ தேய்ந்து, ஓடைகளுக்குள் இருக்கிற அடையாளக் கட்டைகளோடு மட்டமாகிவிட்டால், அதாவது 1.6 மில்லிமீற்றருக்கு வந்துவிட்டால், ஒட்டுக்குக் கொடுக்கிற காசும் வீண்.

இதெல்லாம் வெளியில் தெரிவது. உள்ளே தெரியவேண்டியது அந்தக் கறுப்புத் தூளும், பக்கச்சுவரைச் சுற்றி ஓடும் தேய்ந்த வளையமும். இரண்டில் ஒன்று இருந்தால் ஓட்டை எவ்வளவு சின்னது என்பது பேச்சே இல்லை. கழற்றாமல் இதைக் காண வழி இல்லை. திரியின் பெரிய குறையும் இதுதான், அது எங்களைக் கழற்றவிடாமல் சோம்பேறியாக்குகிறது.

திரியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஒழுங்காகப் போட்ட திரி ரயரின் ஆயுளுக்கும் நின்றதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் சூட்டில் இளகி வெளியே வரும் என்பார்கள். நான் கண்டவரையில் கழன்றது, ஓட்டை சாய்வாக இருக்க, அதைச் சுரண்டுகிற அரத்தை நேராகக் குத்திப் போட்ட திரிதான். ஆணி எந்தச் சாய்வில் போனதோ அந்தச் சாய்விலேயே அரமும் போகவேண்டும், இல்லாவிட்டால் உள்ளே உருக்குக் கம்பிப் பட்டையை அறுத்து, ஒரு ஓட்டையை இரண்டாக்கிவிடும். ஆனால் திரி உள்ளே காற்றை மறிக்கிற மெல்லிய ரப்பர்த் தோலை மூடுவதில்லை. ஆகவே அதை ஊர் போய்ச் சேரும் வழியாகத்தான் வைத்துக்கொள்ளவேண்டும். ரயர்த் தொழிலின் விதிகளும் திரியை மட்டும் போடுவதை முழுமையான திருத்தமாக ஏற்பதில்லை.

உள்ளொட்டு அதற்கு நேர் எதிர். கழற்றி, உள்தோலைச் சுரண்டி, பசை பூசி, ஒட்டை வைத்து உருளையால் அழுத்துவது. சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போட்டுப் பழகின எங்கள் ஆட்களுக்கு இது கைவந்த வேலை. காற்று துளியும் கசியாது. ஆனால் வெளியிலிருந்து ஒட்டு வரைக்கும் ஆணி போன குழாய் திறந்தே கிடக்கும். கோடையில் ஒன்றும் தெரியாது. ஐப்பசி, கார்த்திகை மாரியில் வீதியெல்லாம் வெள்ளம் நிற்கும்போது அந்தக் குழாய் வழியாகத் தண்ணீர் உருக்குக் கம்பிக்குப் போகும், கம்பி துருப்பிடிக்கும், துருப்பிடித்த பட்டை ரப்பரை விட்டுப் பிரியும். அடுத்த கோடையில் வெடிக்கும்போது நாங்கள் வெயிலைத் திட்டுவோம்.

ஒட்டுகிறபோது பக்கத்தில் நின்று பாருங்கள். பசை பூசின உடனே ஒட்டை வைக்கிறாரா, விரல்புறத்தால் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயவிடுகிறாரா? சிலர் கெதியாகக் காயட்டும் என்று வாயால் ஊதுவார்கள். மூச்சின் ஈரம் பசையில் படிந்துவிடும். சோழகம் சுழற்றி அடிக்கிற நாளில் வீதியோரக் கடையில் புழுதியும் சேர்ந்து படியும். "தம்பி, உள்ளுக்கை கொண்டுபோய் ஒட்டும்" என்று நான் சொல்லுவேன், சிரிப்பான், ஆனால் கொண்டுபோவான். மின்சூட்டில் அழுத்தி அவிக்கிற ஒட்டும் சில இடங்களில் போடுகிறார்கள். ரியூப்புக்கும் உழவு இயந்திர ரயருக்கும் அது அருமையானது. காரின் மெல்லிய ரயரில் சூடு ஒரு நிமிடம் கூடிப்போனாலும் சுற்றியிருக்கிற நல்ல ரப்பரும் வெந்து கடினமாகிவிடும். கைச்சுத்தம் தெரிந்த ஆளிடம் மட்டும்தான் நான் கொடுப்பேன்.

என் தேர்வு காளான் ஒட்டு. குடைக்காளானைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி ஒரு துண்டு: தண்டு ஓட்டைக்குள் போய் வெளிவரை நிரப்பும், குடை உள்தோலில் ஒட்டும். திரி செய்கிறதையும் உள்ளொட்டு செய்கிறதையும் ஒன்றே செய்துவிடும்: காற்று உள்ளே நிற்கும், தண்ணீர் வெளியே நிற்கும். போடுகிறதற்கு ரயரைக் கழற்றியே ஆகவேண்டும் என்பதால், உள்ளே பார்க்காமல் தப்பிக்கவும் முடியாது. உள்ளேயிருந்து தண்டை வெளியே இழுத்து, குடையை உருளையால் அழுத்தி, வெளியில் நீட்டினதை மட்டமாக நறுக்கிவிடுவார்கள். அரைமணித்தியாலம் பிடிக்கும், கூலியும் திரியைவிடக் கூட. வவுனியா, கிளிநொச்சி மாதிரிப் பட்டினங்களின் பெரிய ரயர் கடைகளில் கேட்டால் கிடைக்கும். சந்தியடிக் கடையில் இராவிட்டால் கோபிக்கவேண்டாம். அங்கே திரி போட்டுக்கொண்டு, அந்தக் கிழமைக்குள்ளேயே பட்டினத்தில் கழற்றிப் பார்த்து, திரி போட்ட ஓட்டை இன்னும் அளவுக்குள் நிற்கிறது என்றால் காளான் போட்டுக்கொள்ளலாம். இதைத்தான் நான் அன்றைக்குச் செய்திருக்கவேண்டும்.

ரியூப்

இதைத் தனியாக எழுதுகிறேன், ஏனென்றால் எங்கள் ஊரில் ரியூப்புக்கு இருக்கிற விசுவாசம் சின்னதில்லை. "ரியூப் ஒண்டைப் போட்டுவிட்டால் நிம்மதி" என்று என் தகப்பனார் சொல்லாத நாளில்லை. அதற்குக் காரணமும் உண்டு. பொருளாதாரத் தடைக் காலத்தில் புது ரயர் என்பது கனவில் காண்கிற சாமான். மண்ணெண்ணெயில் ஓடின மோட்டார் சைக்கிளும், ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்ட சைக்கிளும்தான் குடும்பத்தைச் சுமந்தன. ஒரு ரியூப்பில் இருபது ஒட்டு இருந்தாலும் ஆள் போய்ச் சேரும். அந்தக் கைதான் இன்றைக்கும் கடைகளில் வேலை செய்கிறது, அந்த நம்பிக்கையும் அந்தக் கையோடேயே வந்தது.

சைக்கிள் போன வேகமும் கார் போகிற வேகமும் ஒன்றில்லை என்பதுதான் சிக்கல். இப்போதைய கார்களில் வருகிற, ரியூப் இல்லாமலே காற்று நிற்கிற ரியூப்லெஸ் ரயரின் உள்பக்கம் ரியூப்புக்கென்று மழமழப்பாக்கப்பட்டதில்லை. மேடும் வரியும் சில இடங்களில் ஒட்டின கடதாசியும் இருக்கும். அதன்மேல் ரியூப் ஒவ்வொரு சுற்றுக்கும் உரசும். ஏற்கெனவே சூட்டோடு மல்லுக்கட்டுகிற ரயருக்குள் உரசல்சூடு ஒன்றைப் புதிதாகக் கொண்டுபோய் வைக்கிறோம். அளவு சரியில்லாத ரியூப் என்றால் மடிப்பு விழும், மடிப்பில் வெடிக்கும். எல்லாவற்றிலும் மோசம் இது: ரியூப்லெஸ் ரயரில் ஆணி ஏறினால் அனேகமாகக் காற்று மெல்ல இறங்கும், வண்டியை ஓரங்கட்ட நேரம் தரும். உள்ளே ரியூப் இருந்தால் அது கிழியும், வால்வைச் சுற்றி இருக்கிற இடைவெளியால் காற்று முழுவதும் கண்மூடித் திறக்க முதல் போய்விடும். கனகராயன்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் நடுவில், எதிரில் யாழ்ப்பாண பஸ் வருகிற நேரத்தில் அது நடக்கிறதை யோசியுங்கள்.

பழைய றிம் துருப்பிடித்து, விளிம்பால் கசிகிறது என்பதற்காகவும் ரியூப் போடுவார்கள். முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கம் உப்புக்காற்றில் இது நிறைய. றிம்மின் விளிம்பைக் கம்பித் தூரிகையால் உரசி, சுத்தமாக்கி, அதற்கென்ற பசையைப் பூசினால் அனேகமாகக் கசிவு நின்றுவிடும். சவர்க்காரத் தண்ணீரை ஊற்றிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்க்காமல் ஓட்டையைத் தேடவேண்டாம். குற்றவாளி பல தடவை ஆணியே இல்லை. வெயிலில் வெடித்த வால்வு ரப்பராக இருக்கும், அல்லது வால்வின் உள்ஊசி. எச்சிலைத் தொட்டு வால்வின் வாயில் வைத்தால் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். இன்னொரு திருடன், பஸ், லொறிகளின் கழன்ற ரயர்ப் பட்டையிலிருந்து வீதியில் சிந்துகிற தலைமுடி மாதிரி உருக்குக் கம்பி. ஏ9இல் ஓடுகிறவர்களுக்கு மெதுவாகக் காற்று இறங்கும் நோய் இதனாலும் வரும். கண்ணுக்குத் தெரியாது. உள்ளே விரலை ஓட்டினால் குத்தும், துணியை ஓட்டுங்கள்.

வேறு எதுவும் கிடைக்காத இடத்தில் ரியூப் போட்டுக்கொண்டு, நாற்பதுக்கு மேல் மிதிக்காமல் வீட்டுக்குப் போகலாம். அவ்வளவுதான் நான் அதற்குக் கொடுக்கிற இடம். லாண்ட்மாஸ்டர் என்கிற இருசில்லு உழவு இயந்திரத்துக்கும் அது இழுக்கிற பெட்டிக்கும் அது பிறந்தகம், அங்கே இருக்கட்டும்.

மாற்றுவதென்றால்

2022இல் ரூபா, டொலருக்கு 200இலிருந்து 360 வரைக்கும் சரிந்த பிறகு ரயர் விலை கேட்டுத் திகைக்காதவர் இல்லை. அதனால் பாவித்த ரயர் வாங்குகிறவர்கள் கூடிவிட்டார்கள். பூ ஆழமாக இருப்பதைப் பார்த்து மயங்கவேண்டாம். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் கிழமையில் செய்தது. ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் காயும், வெயிலில் இன்னும் கெதியாகக் காயும். பக்கச்சுவரைக் கட்டைவிரலால் அழுத்தி வளைத்துப் பாருங்கள், வறண்ட குளத்துத் தரை மாதிரி வெடிப்பு விரிந்தால் சும்மா தந்தாலும் வேண்டாம். ஆறு வருடம் தாண்டின ரயரை ஒட்டுக்கும் கொடுக்கமாட்டேன், அது என் கட்டுப்பாடு. ஒட்டின காளான் நல்லாயிருக்கும், சுற்றியிருக்கிற ரயர்தான் இராது. ஒன்றை மட்டும் புதிதாக மாற்றுவதென்றால் அதே அச்சில் இருக்கிற சோடியின் பூ எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், வித்தியாசம் பெரிதென்றால் இரண்டாக மாற்றுவதுதான் சரி. நான் புடைப்பு விழுந்த ரயரோடு அதன் சோடியையும் மாற்றினேன், வீட்டில் இரண்டு நாள் ஒருவரும் என்னோடு முகங்கொடுத்துப் பேசவில்லை.

போன மாசம் திரும்பவும் ஒரு ஆணி. இந்தமுறை கிளிநொச்சி வரும் வழியில், பின் வலச் சில்லு. முறிகண்டியில் தொட்டுப் பார்த்தபோது அது மட்டும் கூடச் சுட்டதால் அங்கேயே அளந்தேன், 26. கொம்பிறசரால் 33க்கு ஏற்றி, ஆணியை அப்படியே விட்டு, ஐம்பதுக்கு மேல் போகாமல் வந்து சேர்ந்தேன். கடையில் தம்பி வழக்கம்போல திரியைக் கையில் எடுத்தான்.

"கழட்டும். உள்ளுக்கை பாத்திட்டுச் சொல்லும்."

லீவரைக் கொடுத்து ஒருபக்கம் நெம்பி எடுத்தான். ரயரைத் தூக்கிக் கவிழ்த்து, சீமெந்துத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினான். ஒன்றும் கொட்டவில்லை. உள்ளே கையை விட்டுச் சுற்றிவரத் தடவிப் பார்த்து, விரலை எனக்குக் காட்டினான், சுத்தமாக இருந்தது.

"நல்லா இருக்கண்ணை. காளான் போடுவம்."